தி அயர்ன் ஜெயன்ட் (திரைப்படம்): பார்வையாளர் வரவேற்பு

தி அயர்ன் ஜெயன்ட், 1999ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6 அன்று அமெரிக்காவில் வெளியான அனிமேஷன் திரைப்படம். பிராட் பேர்ட் இயக்கிய முதல் முழுநீளப் படம் இது. ஆங்கிலக் கவிஞர் டெட் ஹியூஸ் சிறுவர்களுக்காக எழுதி 1968இல் வெளிவந்த தி அயர்ன் மேன் என்னும் நூலைத் தழுவியது. வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் தயாரித்தது. விண்ணிலிருந்து பூமியில் விழும் பேருருவ ரோபோ ஒன்றுக்கும் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனுக்கும் ஏற்படும் நட்பே இதன் கதை.

படையெடுத்து வரும் ரோபோ என்பது அறிவியல் புனைவுத் திரைப்படங்களின் பழைய கதைப்பொருள். அப்படி ஒரு படையெடுப்புக்காகவே உருவாக்கப்பட்ட ரோபோ, அதைச் செய்ய மறுத்தால் என்ன ஆகும் என்று கேட்டதே இப்படத்தின் தனித்தன்மை. வெளியானபோது பெரும் வணிகத் தோல்வி அடைந்த இப்படம், பின்னர் வீட்டுத் திரைகளின் வழியாக ஒரு தலைமுறையின் விருப்பப் படமாக ஆனது. இப்படத்தைப் பற்றிய பார்வையாளர் கருத்துகள் கடந்த கால் நூற்றாண்டில் மாறிவந்த விதமும், பாராட்டுகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் ஒரு கேள்வியும் இங்கே ஆராயப்படுகின்றன.

கதைச் சுருக்கம்

கதை 1957ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் நிகழ்கிறது. சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை விண்ணில் ஏவிய மாதம் அது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கடற்கரையை ஒட்டி புயல் வீசும் இரவில் ஒரு மாபெரும் ரோபோ கடலில் விழுகிறது. விழுந்தபோது தலையில் பட்ட அடியால் தான் யார், எதற்காக வந்தோம் என்பது அதற்கு மறந்துபோகிறது. ராக்வெல் என்னும் சிற்றூரில் உணவு விடுதி ஒன்றில் பரிமாறும் வேலை செய்யும் தாயுடன் வாழும் ஹோகார்த் என்ற சிறுவன், மின்கம்பிகளில் சிக்கித் தவிக்கும் அந்த ரோபோவைக் காப்பாற்றுகிறான். உலோகத்தை உணவாக உண்ணும் அதைப் பழைய இரும்புக் கிடங்கு வைத்திருக்கும் சிற்பி டீனிடம் ஒளித்துவைக்கிறான்.

ரோபோவைத் தேடி கென்ட் மான்ஸ்லி என்னும் அரசு அதிகாரி ஊருக்கு வருகிறார். அந்த இயந்திரத்தைச் செய்தது யார் என்பது அவருக்கு முக்கியம் இல்லை. தாம் செய்யவில்லை என்பதே அதை அழிக்கப் போதுமான காரணம் என்று நினைப்பவர் அவர். ஹோகார்த் விளையாட்டுத் துப்பாக்கியை நீட்டும் ஒரு தருணத்தில், ரோபோவின் கண்கள் சிவந்து அதன் உடலில் மறைந்திருந்த ஆயுதம் தானாக இயங்குகிறது. நண்பனாக எண்ணிய ரோபோ ஒரு போர்க்கருவி என்பது அப்போது தெரியவருகிறது.

ராணுவம் அதைத் தாக்குகிறது. ஹோகார்த் இறந்துவிட்டான் என்று எண்ணும் ரோபோ தன் முழு ஆயுத வடிவத்தை எடுக்கிறது. சிறுவன் உயிரோடு வந்து தடுத்ததும் அடங்குகிறது. ஆனால் அதற்குள் மான்ஸ்லியின் அவசர ஆணையால், கடலில் நிற்கும் நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து அணு ஏவுகணை புறப்பட்டுவிடுகிறது. அதன் இலக்கு ரோபோ. ரோபோ நிற்பது ஊரின் நடுவில். ஊரைக் காக்க ரோபோ வானில் பறந்து சென்று ஏவுகணையின் மேல் மோதுகிறது. இறுதிக் காட்சியில், ஐஸ்லாந்தின் பனிப்பாறை மேல் சிதறிய அதன் உறுப்புகள் மீண்டும் ஒன்றுசேரத் தொடங்குகின்றன.

படையெடுக்கும் ரோபோ என்னும் கதைவகை

1950களின் அமெரிக்கத் திரைப்படங்களில் விண்ணிலிருந்து வருபவை பெரும்பாலும் அழிக்கவே வந்தன. 1953இல் வெளியான தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ், 1954இல் வந்த டார்கெட் எர்த் போன்ற படங்கள் இதற்கு எடுத்துக்காட்டுகள். டார்கெட் எர்த் படத்தில் வெள்ளிக் கோளிலிருந்து ரோபோக்களே படையெடுத்து வருகின்றன. 1951இல் வெளியான தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில் படத்தின் கோர்ட் என்னும் ரோபோ இவற்றிலிருந்து சற்று விலகி நிற்பது. அது அமைதியைக் காப்பதற்காக அச்சுறுத்தும் காவலன். எனினும் அதற்கும் சொந்த விருப்பம் என்று ஒன்று இல்லை. பனிப்போர்க் காலத்து அணுகுண்டு அச்சமே இக்கதைகளுக்கு அடியில் இருந்தது என்பது திரைப்பட வரலாற்றாசிரியர்கள் பொதுவாக ஏற்கும் கருத்து.

பேர்டின் படம் இக்கதைவகையைத் தன் உலகத்துக்குள்ளேயே வைத்திருக்கிறது. ஹோகார்த் இரவில் விழித்திருந்து தொலைக்காட்சியில் திகில் படம் பார்க்கிறான். பள்ளியில் அணுகுண்டு விழுந்தால் மேசைக்கு அடியில் ஒளிந்துகொள்ளும்படி பாடும் படத்தைப் போட்டுக் காட்டுகிறார்கள். அவனிடம் இருக்கும் படக்கதைப் புத்தகங்களில் ஒன்றில் அடோமோ என்னும் தீய ரோபோ வருகிறது. தன்னைப் போன்ற உருவத்தை முதன்முறையாகக் காணும் ரோபோ அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருக்கிறது. ஹோகார்த் அவசரமாக சூப்பர்மேன் புத்தகத்தை எடுத்துக் காட்டி, நீ இவனைப் போன்றவன் என்கிறான். படத்தின் மையச் சிக்கல் இந்தச் சிறு காட்சியிலேயே முழுமையாக வந்துவிடுகிறது. ரோபோவின் உடல் அடோமோவுடையது. அதற்குக் கிடைத்த நண்பன் காட்டுவது சூப்பர்மேனை.

மூலநூலில் பனிப்போர் நேரடியாக வருவதில்லை. டெட் ஹியூஸின் இரும்பு மனிதன் எங்கிருந்து வந்தவன் என்று யாருக்கும் தெரியாது. உழவர்களின் கருவிகளை அவன் தின்றுவிடுவதால் அவர்கள் குழி வெட்டி அவனைப் புதைக்கிறார்கள். பின்னர் விண்ணிலிருந்து இறங்கி ஆஸ்திரேலியாவை மூடிக்கொள்ளும் ஒரு பெரும் விலங்கை அவன் போட்டியில் வெல்கிறான். பேர்ட் அந்த விண்விலங்கை முழுவதுமாக நீக்கினார். வெளியிலிருந்து வரும் எதிரி இருந்த இடத்தில், ரோபோவின் உடலுக்குள்ளேயே இருக்கும் ஆயுதத்தை வைத்தார்.

இந்த மாற்றத்துக்குத் தனிப்பட்ட காரணமும் உண்டு. பேர்டின் சகோதரி துப்பாக்கியால் சுட்டுக் கொல்லப்பட்டவர். ஒரு துப்பாக்கிக்கு ஆன்மா இருந்து, அது துப்பாக்கியாக இருக்க விரும்பாவிட்டால் என்ன ஆகும் என்பதே தயாரிப்பு நிறுவனத்திடம் அவர் முன்வைத்த கதைக்கரு. 1998இல் மறைந்த ஹியூஸ் முடிந்த படத்தைப் பார்க்கவில்லை. திரைக்கதையைப் படித்துத் தம் ஒப்புதலைத் தெரிவித்திருந்தார்.

வெளியீடும் முதல் வரவேற்பும்

வார்னர் நிறுவனத்தின் முந்தைய அனிமேஷன் படமான க்வெஸ்ட் ஃபார் கேமலாட் 1998இல் தோல்வியடைந்திருந்தது. அதனால் நிறுவனம் தன் அனிமேஷன் பிரிவின் மேல் நம்பிக்கை இழந்திருந்தது. பேர்டின் குழுவுக்கு இதனால் நேர்ந்தவை இரண்டு. மேலிடத்தின் தலையீடு குறைவாக இருந்ததால் விரும்பியபடி படத்தை எடுக்க முடிந்தது. அதே காரணத்தால் படம் முடிந்தபோது அதை எப்படி விற்பது என்ற திட்டம் யாரிடமும் இல்லை.

வெளியீட்டுக்கு முந்தைய சோதனைத் திரையிடல்களில் பார்வையாளர்கள் மிக உயர்ந்த மதிப்பெண்களை அளித்தனர். வெளியீட்டுத் தேதி அதற்குப் பின்னரே, 1999 ஏப்ரலில் உறுதியானது. குழந்தைகள் படங்களுக்கு வழக்கமாகச் செய்யப்படும் பொம்மை விற்பனை, உணவகங்களுடனான கூட்டு விளம்பரம் ஆகியவற்றுக்கு ஓராண்டாவது தேவைப்படும். இப்படத்துக்குக் கிடைத்தது சில மாதங்களே.

முதல் வார இறுதியில் படம் ஏறத்தாழ 57 லட்சம் டாலர் ஈட்டி ஒன்பதாம் இடத்தில் நின்றது. அதே நாளில் வெளியான தி சிக்ஸ்த் சென்ஸ் அந்த ஆண்டின் பெரும் வெற்றிகளுள் ஒன்றாக ஆனது. ஏறத்தாழ 5 கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்ட தி அயர்ன் ஜெயன்ட், அமெரிக்கத் திரையரங்குகளில் மொத்தமாக ஈட்டியது சுமார் 2 கோடியே 30 லட்சம் டாலர்.

இந்தத் தொகையைப் பார்வையாளர் தீர்ப்பாகக் கொள்ள முடியாது. திரையரங்குக்கு வந்தவர்களுக்குப் படம் மிகவும் பிடித்திருந்தது. விமர்சகர்களும் பெரும்பான்மையாகப் பாராட்டினார்கள். பலர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் ஈ.டி. படத்துடன் ஒப்பிட்டனர். அனிமேஷன் துறையின் ஆனி விருதுகளில் இப்படம் ஒன்பதைப் பெற்றது. வராதவர்கள் படத்தை நிராகரித்தார்கள் என்பதைவிட, அப்படி ஒரு படம் வந்ததை அறியவில்லை என்பதே பொருந்தும்.

எனினும் விளம்பரக் குறைவு மட்டுமே காரணம் என்பதும் முழு உண்மை ஆகாது. 1990களில் அமெரிக்கக் குடும்பங்கள் அனிமேஷன் படம் என்றால் டிஸ்னி வகைப் படத்தையே எதிர்பார்த்தன. அதில் பாட்டு இருக்கும், பேசும் விலங்குகள் இருக்கும், இளவரசியோ இளவரசனோ இருப்பார்கள். பேர்டின் படத்தில் கதைமாந்தர் யாரும் நின்று பாடுவதில்லை. பேசும் விலங்கு இல்லை. மாறாக வேட்டைக்காரர்களால் சுடப்பட்டு இறந்து கிடக்கும் மான் இருக்கிறது. சாவு என்றால் என்ன என்று ஓர் இயந்திரம் கேட்கிறது. ஒரு சிறுவன் தடுமாறியபடி பதில் சொல்கிறான். ரோபோ படம் பார்க்க விரும்பிய பையன்களுக்கு இது மெதுவான படமாகவும், சிறு குழந்தைகளின் பெற்றோருக்குக் கடுமையான படமாகவும் முன்னோட்டத்தில் தோன்றியிருக்கக்கூடும்.

வீட்டுத் திரையில் உருவான பார்வையாளர்கள்

1999 நவம்பரில் படம் வீடியோ கேசட்டாகவும் டிவிடியாகவும் வெளியானது. திரையரங்கு வெளியீட்டில் தவறவிட்ட விளம்பரத்தை நிறுவனம் இம்முறை ஓரளவு செய்தது. பின்னர் கார்ட்டூன் நெட்வொர்க் தொலைக்காட்சி விடுமுறை நாள்களில் இப்படத்தை நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப ஒளிபரப்பியது. திரையரங்கில் ஒரு முறை பார்க்கப்படாத படம், வீட்டில் ஒரே நாளில் பல முறை பார்க்கப்பட்டது.

இந்த மாற்றம் பார்வையாளர் கருத்தின் இயல்பையே மாற்றியது. திரையரங்கில் படம் பார்த்துவிட்டு வருபவர் சொல்வது ஒரு மதிப்பெண். சிறுவயதில் பலமுறை பார்த்த படத்தைப் பற்றி வளர்ந்தபின் சொல்வது ஒரு நினைவு. தி அயர்ன் ஜெயன்ட் பற்றி 2000களுக்குப் பின் எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. எந்த வயதில் பார்த்தேன், எந்த இடத்தில் அழுதேன், என் பிள்ளைக்கு எப்போது காட்டினேன் என்பவையே அவற்றின் உள்ளடக்கம். ஏவுகணையை நோக்கிப் பறக்கும் ரோபோ கண்களை மூடி சூப்பர்மேன் என்று சொல்லும் தருணமே ஏறத்தாழ எல்லாராலும் குறிப்பிடப்படுவது.

பார்வையாளர் கருத்துகள்

இப்படத்தைப் பற்றித் தொடர்ந்து சொல்லப்பட்டுவரும் கருத்துகளை நான்காகப் பகுக்கலாம்.

உணர்ச்சியும் குடும்பமும்

படத்தை விரும்புபவர்கள் முதலில் சொல்வது அதன் மனித உறவுகளின் நேர்மையைப் பற்றி. ஹோகார்த்தின் தந்தை இல்லை. அது வசனத்தில் விளக்கப்படுவதில்லை, அவன் படுக்கைக்கு அருகில் இருக்கும் விமானியின் புகைப்படம் வழியாகவே உணர்த்தப்படுகிறது. தாய் ஆன்னி வேலை, வீடு, வாடகை என எல்லாவற்றையும் தனியாகச் சுமப்பவர். அவர் கண்டிப்பு காட்டுவது கதைக்குத் தடை போடுவதற்காக அல்ல, களைப்பினால். குழந்தையாகப் பார்த்தவர்கள் ரோபோவையும், பெற்றோரானபின் பார்ப்பவர்கள் ஆன்னியையும் கவனிப்பதாகக் கூறுவது இப்படம் பற்றிய பேச்சில் அடிக்கடி வருவது. இரண்டு வயதுகளுக்கும் படம் வெவ்வேறாகப் பொருள் தருகிறது என்பதே குடும்பப் படம் என்ற சொல்லுக்கு அது தகுதி பெறும் காரணம்.

குழந்தைகளுக்கு ஏற்றதா

அணு ஏவுகணை, சுடப்பட்ட மான், ராணுவத் தாக்குதல் ஆகியவை சிறு குழந்தைகளை அச்சுறுத்தும் என்பது சில பெற்றோரின் குறை. ஓரிரு வசைச் சொற்களும் மான்ஸ்லிக்கு மலமிளக்கி கலந்த பானம் கொடுக்கப்படும் நகைச்சுவையும் வேறு சிலருக்கு உறுத்தலாக இருந்தன. படத்துக்கு அமெரிக்காவில் பெற்றோர் வழிகாட்டுதல் தேவை என்னும் சான்றிதழே வழங்கப்பட்டது.

இக்குறையில் பாதி உண்மை உண்டு. படம் அச்சுறுத்தவே செய்கிறது. ஆனால் மானின் சாவைக் காட்டாமல், உயிரைக் கொல்வது தவறு என்ற முடிவுக்கு ரோபோவைக் கொண்டுவர முடியாது. அந்தக் காட்சியில் ரோபோ மானைத் தொடுவதற்காக விரல் நீட்டுகிறது, மான் அஞ்சாமல் நிற்கிறது, பிறகு துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது. துப்பாக்கி என்றால் என்ன என்பதை ரோபோ அறிவது அங்கேதான். தானும் ஒரு துப்பாக்கி என்பதை அது இன்னும் அறியவில்லை. பார்க்கும் குழந்தைக்கும் அந்த அறிவு அதே வரிசையில்தான் கிடைக்கிறது.

அரசும் ராணுவமும்

படம் அமெரிக்க அரசையும் ராணுவத்தையும் இழிவுபடுத்துகிறது, துப்பாக்கி எதிர்ப்புப் பரப்புரை செய்கிறது என்பது மற்றொரு தரப்பின் கருத்து. ராணுவத்தைப் பொறுத்தவரை இது சரியான வாசிப்பு ஆகாது. ஜெனரல் ரொகார்ட் தொடக்கம் முதலே மான்ஸ்லியைச் சந்தேகிப்பவர். சிறுவன் உயிரோடு இருப்பதைக் கண்டதும் தாக்குதலை நிறுத்துபவரும் அவரே. ரோபோ சிறுவனைக் கொன்றுவிட்டது என்று பொய் சொல்லி அணு ஆயுதம் வரை கொண்டுசெல்வது மான்ஸ்லி என்ற தனி மனிதர்.

உண்மையான குறை இதற்கு நேர் எதிரான இடத்தில் இருக்கிறது. எல்லா அச்சமும் ஒரே ஆளிடம் குவிக்கப்பட்டிருக்கிறது. மான்ஸ்லி ஏவுகணை வருவது தெரிந்ததும் ஜீப்பில் ஏறித் தப்ப முயல்கிறார், கோழை என்று அம்பலப்படுகிறார். அவரோடு சேர்ந்து ஊரின் அச்சமும் எளிதாகக் கரைந்துவிடுகிறது. பள்ளியில் பிற சிறுவர்கள் ஸ்புட்னிக்கைப் பற்றிப் பேசும் விதத்தில், அச்சம் ஊர் முழுவதும் பரவியிருந்ததை முன்பாதி காட்டியிருந்தது. பின்பாதி அந்தப் பொறுப்பிலிருந்து ஊரை விடுவித்து, வில்லனின் தலையில் சுமத்துகிறது. படத்தின் மிகப் பலவீனமான தீர்வு இது. குடும்பப் படங்களுக்கு ஒரு வில்லன் வேண்டும் என்னும் பழக்கத்துக்கு பேர்ட் விட்டுக்கொடுத்த இடம் என்று இதைச் சொல்லலாம்.

மூலநூல் வாசகர்கள்

ஹியூஸின் நூலைப் படித்து வளர்ந்தவர்களில் சிலர், படம் ஒரு தொன்மத்தைப் பனிப்போர்க் கதையாகச் சுருக்கிவிட்டது என்று கருதுகின்றனர். நூலில் விண்விலங்கு தோற்றபின் கொல்லப்படுவதில்லை. அது பாடத் தொடங்குகிறது, உலகில் அமைதி பிறக்கிறது. அந்த முடிவின் விந்தை படத்தில் இல்லை என்பது உண்மை. ஆனால் நூலின் சாரமான ஒன்றைப் படம் விட்டுவிடவில்லை. அழிக்க வந்ததை அழித்துத் தீர்க்காமல், வேறொன்றாக மாற்ற முடியும் என்ற நம்பிக்கையே அது. ஹியூஸ் அதை எதிரியிடத்தில் வைத்தார். பேர்ட் நாயகனிடத்தில் வைத்தார்.

கனவுக் காட்சி

1999இல் நிதி போதாமையால் எடுக்கப்படாமல் விடப்பட்ட இரண்டு காட்சிகள், 2015இல் சிறப்புப் பதிப்புக்காகப் புதிதாக அனிமேஷன் செய்யப்பட்டுச் சேர்க்கப்பட்டன. அப்பதிப்பு அமெரிக்கத் திரையரங்குகளில் குறைந்த எண்ணிக்கையிலான காட்சிகளாகத் திரையிடப்பட்டது. ஒன்று ஆன்னியும் டீனும் பேசிக்கொள்ளும் சிறு காட்சி. மற்றொன்று ரோபோவின் கனவு.

கிடங்கில் உறங்கும் ரோபோ கனவு காண்கிறது. கனவின் அலைகள் டீனின் தொலைக்காட்சிப் பெட்டியில் படமாகத் தெரிகின்றன. அதே உருவம் கொண்ட எண்ணற்ற ரோபோக்கள் வேறொரு கோளில் அணிவகுத்துச் செல்கின்றன. கோள் அழிகிறது. ஹோகார்த்தின் நண்பன் ஒரு படையின் உறுப்பினன் என்பதைப் படம் நேரடியாகச் சொல்லும் ஒரே இடம் இது.

பார்வையாளர்கள் இக்காட்சியை இரண்டு விதமாக எதிர்கொண்டனர். ரோபோ எங்கிருந்து வந்தது என்பது தெரியாமல் இருப்பதே அழகு, காட்டியது மர்மத்தைக் குறைத்துவிட்டது என்பது ஒரு தரப்பு. ரோபோ எதை மறுக்கிறது என்பது இப்போதுதான் தெளிவாகிறது என்பது மறுதரப்பு.

முதல் தரப்பின் வாதம் கதைசொல்லல் சார்ந்தது, அதில் நியாயம் உண்டு. விளையாட்டுத் துப்பாக்கிக் காட்சியில் ஏற்படும் அதிர்ச்சி, கனவை முன்பே பார்த்தவருக்குக் குறைகிறது. ஆனால் இரண்டாம் தரப்பு சொல்வது படத்தின் அறம் சார்ந்தது. 1999 பதிப்பில் ரோபோவின் ஆயுதம் ஒரு தற்காப்புக் கருவி போலத் தோன்ற இடமிருக்கிறது. யாராவது சுட்டால் மட்டுமே அது சுடுகிறது. எனவே நல்ல ரோபோவைக் கெட்ட மனிதர்கள் சீண்டினார்கள் என்று பார்வையாளர் எளிதாக முடிவு செய்துகொள்ளலாம். கனவுக் காட்சி அந்த ஆறுதலை எடுத்துவிடுகிறது. மான்ஸ்லியின் அச்சம் அடியோடு பொய்யானது இல்லை என்பது தெரிகிறது. அவர் நடந்துகொண்ட விதம் தவறு. ஆனால் அந்த ரோபோ உண்மையிலேயே படையெடுப்புக்காகச் செய்யப்பட்டது.

ரெடி பிளேயர் ஒன் எழுப்பிய எதிர்ப்பு

2018இல் வெளியான ஸ்பீல்பெர்க்கின் ரெடி பிளேயர் ஒன் படத்தில் இதே ரோபோ வருகிறது. அங்கே அது மெய்நிகர் விளையாட்டு உலகில் ஒரு வீரர் செலுத்தும் போர் இயந்திரம். இறுதிப் போரில் எதிரிப் படைகளை மிதித்தும் வீசியும் அழிக்கிறது. முன்னோட்டம் வந்த நாளிலிருந்தே இதற்கு எதிர்ப்பு எழுந்தது. துப்பாக்கியாக இருக்க மறுத்த ஒன்றைத் துப்பாக்கியாக்கிவிட்டார்கள் என்பதே அந்த எதிர்ப்பின் சாரம். அது விளையாட்டில் செய்யப்பட்ட உருவமே தவிர அந்தப் பாத்திரம் அல்ல என்று மறுத்தவர்களும் உண்டு.

இந்த விவாதம் மூலப்படத்தைப் பற்றிய ஒரு சங்கடமான உண்மையையும் வெளிக்கொண்டுவருகிறது. 1999 படத்தில் ரோபோ தன் ஆயுத வடிவத்தை எடுக்கும் காட்சி, படத்தின் மிகக் கவர்ச்சியான காட்சிகளுள் ஒன்று. மார்பு திறக்கிறது, முதுகிலிருந்து கொடுக்குகள் எழுகின்றன, பீரங்கி வண்டிகள் சிதறுகின்றன. ரோபோ கணினியால் உருவாக்கப்பட்டது, மனிதர்கள் கையால் வரையப்பட்டவர்கள். மற்ற காட்சிகளில் இந்த வேறுபாடு தெரியாதபடி ரோபோவின் கோடுகள் சற்று அசையுமாறு செய்யப்பட்டிருக்கும். ஆயுதங்கள் வெளிவரும்போது மட்டும் அதன் இயந்திரத் துல்லியம் முழுமையாகத் தெரிகிறது. பார்வையாளர் அதை ரசிக்கவே செய்கிறார். மகன் இறந்ததாக நினைத்துக் கதறும் தந்தையின் கோபம் போல அது நியாயமாகவும் தோன்றுகிறது.

பேர்ட் அந்த ரசனையைத் தெரிந்தே தூண்டுகிறார். பிறகு ஹோகார்த்தை அதன் முன் கொண்டுவந்து நிறுத்துகிறார். பீரங்கியின் வாய் சிறுவனை நோக்கித் திரும்பியிருக்கிறது. சற்றுமுன் வரை அந்த ஆயுதத்தின் பக்கம் நின்ற பார்வையாளர், இப்போது அதன் எதிரே நிற்கிறார். ரெடி பிளேயர் ஒன் தருவது இதன் முதல் பாதியை மட்டுமே. ஆயுதத்தின் கவர்ச்சி அங்கே இருக்கிறது, எதிரே நிற்கும் சிறுவன் இல்லை. ரசிகர்களின் எதிர்ப்பு சரியானது. ஆனால் அந்தக் கவர்ச்சி மூலப்படத்திலேயே இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மதிப்பீடு

இப்படத்தைப் பற்றிய பாராட்டுகளில் அதிகம் எடுத்தாளப்படுவது, நீ யாராக இருக்க வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுப்பவன் நீயே என்ற கருத்து. டீன் அதை முதலில் ஹோகார்த்திடம் பொதுவாகச் சொல்கிறான், ஹோகார்த் பின்னர் ரோபோவிடம் சொல்கிறான். சட்டைகளிலும் சுவரொட்டிகளிலும் அச்சிடத் தக்க வாசகமாக அது ஆகிவிட்டது. அப்படித் தனியாக எடுக்கும்போது அது விரும்பியதை ஆகலாம் என்ற வழக்கமான ஊக்கமொழியாகச் சுருங்குகிறது.

படம் காட்டுவது அதைவிடக் கடினமானது. ரோபோ தேர்ந்தெடுத்தபின் அதன் உடல் மாறுவதில்லை. ஆயுதங்கள் கழற்றப்படுவதில்லை. துப்பாக்கியைக் கண்டால் கண் சிவக்கும் இயல்பு போய்விடுவதில்லை. அதன் தேர்வு ஒரு முறை செய்து முடிப்பதாக இல்லாமல், ஒவ்வொரு முறையும் புதிதாகச் செய்ய வேண்டியதாக இருக்கிறது. கிடங்கில் தவறிவிட்டது, ஓடிப்போகிறது. ஊரில் கூரையிலிருந்து விழும் இரு சிறுவர்களைக் காப்பாற்றுகிறது. ராணுவத்தின் முன் மீண்டும் தவறிவிடுகிறது. மீண்டும் அடங்குகிறது. இறுதியாக ஏவுகணையின் முன், தன் ஆயுதங்களைப் பயன்படுத்தாமல் தன் உடலையே கொண்டுபோய் நிறுத்துகிறது. ஒவ்வொரு முறையும் விலை கூடுகிறது.

ஐஸ்லாந்தில் உறுப்புகள் ஒன்றுசேரும் முடிவு தியாகத்தின் எடையைக் குறைக்கிறது என்பது பலரின் குறை. குழந்தைகளுக்காகச் செய்த சமரசம் என்றும் அதைச் சொல்வதுண்டு. ஆனால் கனவுக் காட்சியையும் சேர்த்துப் பார்க்கும்போது அந்த முடிவுக்கு வேறொரு பொருளும் கிடைக்கிறது. மீண்டும் எழுவது நண்பன் மட்டும் இல்லை, ஆயுதமும்தான். பனியில் திறக்கும் அந்தக் கண்கள் இனி எந்த நிறத்தில் ஒளிரும் என்பது ஏற்கெனவே முடிவாகிவிட்ட ஒன்று ஆகாது. அந்தத் தேர்வை அது மறுபடியும் செய்தாக வேண்டும்.

முதல் வெளியீட்டில் இப்படத்துக்குக் கூட்டம் வராதது விற்பனையின் தோல்வி. பின்னர் வந்த பார்வையாளர்கள் அதை முழுமையாக ஈடுசெய்துவிட்டனர். இன்று தி அயர்ன் ஜெயன்ட் அமெரிக்க அனிமேஷனின் சிறந்த படங்களுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது. அந்த மதிப்பு பெரும்பாலும் இறுதித் தருணத்தின் கண்ணீரின் மேல் நிற்கிறது. படையெடுக்க வந்த ரோபோவை அஞ்சுவதற்கும் அதன் ஆயுதத்தை ரசிப்பதற்கும் இடையே பார்வையாளர் எங்கே நிற்கிறார் என்ற கேள்விக்கும் அதே அளவு கவனம் கிடைக்குமானால், பிராட் பேர்ட் கேட்க விரும்பியதற்கு நெருக்கமாக அந்தப் பாராட்டு சென்று சேரும்.